முப்பத்தேழரை நிமிடம்

அந்த முப்பத்தேழரை எங்கிருந்து வந்தது என்று அருணாவுக்குப் பிடிபடவே இல்லை.

கணக்கு இதுதான். காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து ஒரு ஜீப் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் மலை ஏறுகிறது. அதே ஆறு மணிக்குப் போடிமெட்டிலிருந்து இன்னொரு ஜீப் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இடையில் உள்ள பாதை இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் இரண்டும் எத்தனை நிமிடத்தில் சந்திக்கும்?

எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் ஐம்பது கிலோமீட்டரை விழுங்கிவிடும். இருபத்தைந்தை விழுங்க அரை மணி போதும். விடை முப்பது நிமிடம். தப்பாகப் போடுகிறவர்கள் எப்படித் தப்புவார்கள் என்பதும் அருணாவுக்கு அத்துப்படி. வேகங்களைக் கூட்டாமல் கழித்தவர்களுக்கு இரண்டரை மணி நேரம் வரும். சராசரி எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் வரும். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வாசல் உண்டு. விடையைப் பார்த்தாலே பிள்ளை எந்த வாசலில் நுழைந்தது என்று சொல்லிவிடுவாள். முப்பத்தேழரைக்கு மட்டும் வாசலே தெரியவில்லை. அதிலும் அந்த அரை. சும்மா குத்துமதிப்பாக எழுதுகிறவள் அரை நிமிடம் எழுத மாட்டாள்.

வேறு நேரமாக இருந்தால் அருணா சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பாள். ஆனால் இந்த விடையால்தான் அதை எழுதிய மகாராணிக்குப் பதினோராம் வகுப்பில் முதல் குரூப் கிடைக்காமல் போயிருந்தது. ரோடு போடுகிற எஞ்சினியர் ஆகவேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. கணக்கும் இயற்பியலும் உள்ள அந்தக் குரூப் இல்லாமல் அந்தப் படிப்பு கிடையாது. அது கிடைக்காவிட்டால் வேறு எதையும் படிக்கவேண்டாம், தையல் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று அவள் அம்மா தமிழ்செல்வி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சேர்க்கை நாளை மதியத்தோடு முடிகிறது.

தேர்வை நடத்தியது பள்ளிக்கூடம்தான். ஆனால் கேள்வி அருணாவுடையது.

அருணா போடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே மதுரையில் பகுதிநேர ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். ஒரே வகுப்பில், ஒரே டீச்சரிடம், ஒரே கணக்கைக் கற்ற இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக யோசிக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. அதற்கு ஒரு சோதனை உண்டு. வளைத்து வளைத்துப் பின்னிய சிக்குக் கோலம் போன்ற ஒரு படத்தைக் கையில் கொடுத்து, அதற்குள் ஒளிந்திருக்கும் சின்ன முக்கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சிலருக்கு முக்கோணம் சட்டென்று தனியே எழும்பி நிற்கும். மற்ற கோடுகள் கண்ணிலேயே படாது. சிலருக்குக் கோலம் முழுசாகத்தான் தெரியும். ஒரு கோட்டைத் தொட்டால் அதோடு சேர்ந்த எல்லாக் கோடுகளும் கூடவே வரும். முதல் வகைப் பிள்ளைகள் ஒரு கணக்கைப் படித்ததும் வேண்டாததை உதறிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வகைப் பிள்ளைகளால் எதையும் உதற முடியாது. கணக்கில் வருகிற ஊர், ஆள், பொழுது எல்லாமே அவர்களோடு விடை வரைக்கும் நடந்துவரும்.

இதில் கெட்டி, மக்கு என்று ஒன்றும் கிடையாது. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் மாதிரிதான். இதை விளக்க ஆரம்பித்தால் அருணாவுக்கு நேரம் போவதே தெரியாது. அப்படித்தான் புதிதாக வந்த தலைமையாசிரியர் முத்துக்கிருஷ்ணனிடமும் ஒருநாள் விளக்கினாள். அவர் இயற்பியல்காரர், கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டவர், கெட்டி மக்கு கிடையாது என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் மதிப்பெண் குறைந்தும் முதல் குரூப் கேட்கிறவர்களுக்கு இந்தச் சோதனையையே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஒளிந்த முக்கோணம், கூடவே அருணா எழுதிய சில கணக்குகள். தன் ஆய்வு ஏதோ ஒன்றுக்குப் பயன்படுகிறதே என்று அருணாவும் பூரித்துப்போய்ச் சம்மதித்தாள். எழுதியவர்களில் விழுந்தது மகாராணி மட்டும்தான்.

பட்டியல் ஒட்டப்பட்ட காலையிலேயே அருணா அவர் அறைக்குப் போனாள். இந்தச் சோதனை, பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கத்தானே தவிர, யாரைத் தள்ளுவது என்று பார்க்க அல்ல என்று மறுபடியும் விளக்கிப் பார்த்தாள். கேள்வி போட்டதும் நீங்கள்தான், திருத்தியதும் நீங்கள்தான், இப்போது நீங்களே வந்து செல்லாது என்றால் எப்படி என்று அவர் கேட்டார். அந்த முப்பத்தேழரை எப்படி வந்தது என்றாவது சொல்லமுடியுமா என்றும் கேட்டார். அருணாவால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரே கொஞ்சம் இறங்கிவந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு கணக்கு, என் முன்னாடி. கணக்க நான்தான் எடுப்பேன். நீங்க உக்காந்திருக்கலாம். வாயத் தொறக்கக் கூடாது."

மகாராணியின் வீடு சிலமலையில். அருணா பஸ்சைப் பிடித்துப் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக்கிடந்தது. பட்டியலில் பேர் இல்லை என்று தெரிந்த கையோடு, பிள்ளை அழுத முகத்தைக் காட்டப் பிடிக்காமல், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சித்தி வீரலட்சுமியின் வீட்டுக்குப் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போன் போட்டால் டவர் கிடைக்கவில்லை. அருணா மறுபடி போடிக்கு வந்து, மொக்கச்சாமியின் ஜீப்பில் ஏறினாள்.

மலைப்பாதை அவளுக்கு ஆகாது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தலை சுற்றும். சின்ன வயதிலிருந்தே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மேலே போய்த்தான் கண்ணைத் திறப்பாள். இப்போதும் அப்படித்தான். துண்டுக்குள் இருந்துகொண்டு இருபத்தைந்தையும் இருபதையும் முப்பதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் புரட்டினாலும் முப்பத்தேழரை வரவில்லை. நாளைக்கு அவர் என்ன கணக்கு எடுப்பாரோ என்ற நினைப்பு வந்ததும் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மகாராணி சித்தி வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நின்றாள். நாளைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்டும் அவள் முகம் தெளியவில்லை. அதிலும் விழுந்துவிட்டால் அம்மாவிடம் இரண்டாவது தடவையும் சொல்லவேண்டுமே என்றுதான் முதலில் சொன்னாள். வீரலட்சுமிதான் அவளை அதட்டி, வெரசா கிளம்பு என்று பையைக் கையில் திணித்து அனுப்பினாள்.

இறங்கும்போது இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அருணா முகத்தைப் பொத்திக்கொள்ளவில்லை. பேசவேண்டியது நிறைய இருந்தது.

"அந்த ஜீப்புக் கணக்குக்கு முப்பத்தேழரைன்னு எழுதியிருந்தியே, எப்பிடி வந்துச்சு?"

மகாராணி பதில் சொல்வதற்குள் ஜீப் ஒரு வளைவுக்கு மேலே ஓரங்கட்டி நின்றது. கீழே ஒரு லாரி முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. அது வளைவைச் சுற்றிக் கடக்கும் வரை மொக்கச்சாமி ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி காத்திருந்தார். பிறகு எடுத்தார். இரண்டு வளைவு தள்ளி ஒரு பஸ்சுக்காக மறுபடியும் நின்றார். இப்படி நின்று நின்று போனால் எப்போது போய்ச் சேருவது என்று அருணா பொறுமையில்லாமல் கேட்டுவிட்டாள்.

"ஏறுறவனுக்கு வழி விட்டுத்தான ஆகணும் டீச்சர்," என்றார் மொக்கச்சாமி. "வளைவுல அவன நிறுத்துனா திரும்ப எடுக்க முடியாது, லோடு பின்னால இழுத்துரும். எறங்குறவனுக்கு என்ன, பிரேக்க அமுக்குனா நிப்பான்."

"அதுதான் டீச்சர்," என்றாள் மகாராணி மெதுவாக. "நீங்க ஆறு மணின்னு போட்டிருந்தீங்கள்ல. அந்நேரம் எஸ்டேட்டுக்கு ஆளு ஏத்திக்கிட்டு வரிசையா ஜீப்பு ஏறும். எறங்குற வண்டி ஒவ்வொரு வளைவுலயும் நிக்கணும். முப்பதுல வரவே முடியாது. ஏறுற வண்டி அளவுக்குத்தான் வரும். அதனால ரெண்டுக்கும் இருபதுன்னு வச்சேன்."

இருபதும் இருபதும் நாற்பது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி என்றால் இருபத்தைந்துக்கு முப்பத்தேழரை நிமிடம். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அருணாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ தடவை இந்த மலையில் ஏறி இறங்கியும், கண்ணைப் பொத்திக்கொண்டு போனதால் இறங்குகிற வண்டி நிற்கும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் எழுதிய கணக்கில் ஜீப்பே கிடையாது. மூன்று எண்கள் மட்டும்தான் உண்டு. இந்தப் பிள்ளையோ ஜீப்பை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள், அது ஓடாது என்றதும் எண்ணைத் திருத்தியிருக்கிறாள்.

அடுத்த கணமே சந்தோஷம் பயமாகிவிட்டது. நாளைக்கும் இவள் இப்படிக் கணக்கையே திருத்தினால் என்ன ஆவது? தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் கொடுத்த வேகம் தப்பு சார் என்று சொன்னால்? இருக்கிறது ஒரே ஒரு கணக்கு.

பயத்தில் அருணா ஒரு காரியம் செய்தாள். தனக்கு எது இயல்பாக வருமோ அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கணக்கில் எது வந்தாலும் அதைப் பார்க்காதே. தெரியாத ஒன்றை எக்ஸ் என்று வை, இன்னொன்றை ஒய் என்று வை. வாக்கியத்தில் எண் எங்கே வருகிறதோ அங்கேயே தூக்கி வை. சமன்பாடு தானாக வந்துவிடும், தீர்த்துவிடலாம். ஜீப் கிடையாது, மலை கிடையாது.

"ஆளுங்க வந்தா டீச்சர்?"

"ஆளுங்களும் எக்ஸ்தான்."

மலை இறங்கி முடிப்பதற்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நாலைந்து கணக்குகளைப் போடவைத்தாள். மகாராணி ஒவ்வொன்றையும் சொன்னபடியே போட்டாள். அவள் குரல் மட்டும் போகப் போகச் சின்னதாகிக்கொண்டு வந்ததை, தன் பதற்றத்தில் அருணா கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, தேர்வுக்கு முன்னால், முப்பத்தேழரை எப்படி வந்தது என்று அருணா தலைமையாசிரியரிடம் விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் வந்தது. முத்துக்கிருஷ்ணன் முழுதும் கேட்டார். அவருக்கும் அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கு. ஆனா பிளஸ் டூ பரீட்சைல யாரும் யாருக்கும் வழி விட மாட்டாங்க டீச்சர். கேட்டதுக்கு விடை எழுதணும். இல்லைன்னா மார்க்கு கெடையாது. அன்னைக்கு இந்தப் பிள்ள அழுதா நீங்களும் நானுமா பதில் சொல்லுவோம்?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது.

மகாராணியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஜீப்பும் ஏலக்காயும் இல்லாத கணக்காக எடுத்திருப்பதாகச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு தந்தையின் வயது மகளின் வயதைப் போல நான்கு மடங்கு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்காக இருக்கும். மகளின் இப்போதைய வயது என்ன?

அருணாவுக்கு மூச்சு வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு. படித்து முடிக்கும்போதே அவள் மனதில் விடை வந்து நின்றுவிட்டது. ஆனால் உடனே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு லேசான கணக்கில் தவறினால் அப்புறம் பரிந்துபேச ஒரு வார்த்தையும் மிச்சம் இருக்காது.

மகாராணி நேற்றுச் சொல்லிக்கொடுத்தபடியே தொடங்கினாள். அப்பா எக்ஸ், மகள் ஒய். எக்ஸ் என்றால் நான்கு ஒய். சரி. அடுத்த வரி: எக்ஸ் கூட்டல் ஆறு, சமம் மூன்று ஒய்.

பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அருணா அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். ஆறு வருடம் அப்பாவுக்கு மட்டுமா ஆகும்? மகளுக்கும்தானே ஆகும்? கணக்கில் ஆறு என்ற எண் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் தந்தை என்ற சொல்லுக்குப் பக்கத்தில். எண் வருகிற இடத்தில் அப்படியே தூக்கி வை என்று சொன்னால் அது அப்பாவோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஜீப்புக்காக வேகத்தையே திருத்திய பிள்ளை, தன் போக்கில் விட்டிருந்தால், அப்பா வளரும்போது மகளும் வளருவாள் என்பதை ஒருநாளும் மறந்திருக்க மாட்டாள். ஆளுங்களும் எக்ஸ்தான் என்று சொல்லி மறக்கவைத்தது யார்?

மகாராணி கழித்தாள். ஒரு விடை வந்தது. பேனா நின்றுவிட்டது. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வந்துச்சு?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"மைனஸ் ஆறு சார்."

"மக வயசு மைனஸ் ஆறா?"

"ஆமா சார்." அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "மக இன்னும் பெறக்கலை. அப்பாவும் பெறக்கலை சார். அவருக்கு மைனஸ் இருபத்துநாலு வருது."

முத்துக்கிருஷ்ணனின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அருணாவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை அது. பிறகு தாளை வாங்கக் கையை நீட்டினார். அந்தக் கை மேசையைத் தாண்டி வருவதற்குள் அருணா வாயைத் திறந்துவிட்டாள்.

"மகாராணி, நேத்து ஜீப்புல நான் சொன்னத விட்டுரு. உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிப் போடு."

முத்துக்கிருஷ்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேன் என்று நிதானமாகச் சொன்னார். அருணா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் அவர் தாளை எடுக்கவில்லை. மகாராணி அதற்குள் அதைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

திருப்பிப் போட்டவள் எதுவும் எழுதவில்லை. பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று. விரல் மேசையில் இங்கும் அங்குமாக ஊர்ந்தது.

"சார், அந்த அப்பா என்ன சோலி பாக்குறாரு?"

"அதெல்லாம் கணக்குல கெடையாது."

"சரி சார்," என்றாள். ஆனால் அவளாகவே அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. தாளில் ஒரு கோடு இழுத்தாள். ஒரு முனையில் ஒரு புள்ளி, இன்னொரு முனையில் ஒரு புள்ளி. மறுபடியும் பேனா நின்றுவிட்டது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்துகொண்டே இருந்தது. வெளியே கட்டணம் கட்டுகிறவர்களின் சலசலப்பு கேட்டது. ஒரு சமன்பாடு எழுதினால் என்ன, ஒரே ஒரு வரி எழுதினால் என்ன என்று அருணா உள்ளுக்குள் மன்றாடினாள். அந்த வரி அவள் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை இப்போது யோசிக்கிறாளா, பயந்து உறைந்துவிட்டாளா என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இத்தனை வருட ஆய்வில் அதற்கு ஒரு சோதனை இல்லை.

"பன்னெண்டு சார்," என்றாள் மகாராணி.

முத்துக்கிருஷ்ணன் நிமிர்ந்தார். எப்படி என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் எப்பவும் மாறாது சார். மக பெறந்த அன்னைக்கு அவருக்கு என்ன வயசோ அதுதான் அது. அத ஒரு கயிறுன்னு வச்சுக்கோங்க. இப்ப அவரு நாலு பங்கு, மக ஒரு பங்கு. நடுவுல மூணு பங்கு. அப்பக் கயித்த மூணா மடிச்சா ஒரு மடிப்பு மக வயசு. ஆறு வருசம் கழிச்சு அவரு மூணு பங்கு, மக ஒண்ணு. நடுவுல ரெண்டு. அதே கயித்த ரெண்டா மடிக்கணும். மடிப்பு பெருசாயிரும்ல சார், மகளும் வளந்துட்டாள்ல. அந்தக் கூடுதல்தான் ஆறு வருசம்."

அவள் காற்றில் கயிற்றை மடித்துக் காட்டினாள். பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒன்று. அது ஆறு வருடம் என்றால் கயிறு முப்பத்தாறு. மூன்றாக மடித்தால் பன்னிரண்டு.

"அப்பாவுக்கு நாப்பத்தெட்டு சார். லேட்டாத்தான் கல்யாணம் பண்ணியிருக்காரு."

முத்துக்கிருஷ்ணன் ஒரு காகிதத்தை எடுத்துத் தானும் ஒரு கோடு போட்டார். மூன்றாகப் பிரித்தார், இரண்டாகப் பிரித்தார். பிறகு பேனாவை மூடிவைத்தார். அருணா அவர் முகத்தைப் படிக்க முயன்றாள், ஒன்றும் தெரியவில்லை.

விடை சரி, வழியும் சரி என்றார். ஆனால் கயிற்றை மடித்தேன் என்று பரீட்சைத் தாளில் எழுதினால் திருத்துகிறவர் எத்தனை மதிப்பெண் போடுவார் என்று கேட்டார். ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் மீதிக் கணக்குகளை எப்போது போடுவது என்றும் கேட்டார். டீச்சர் குறுக்கே பேசியதையும் அவர் மறக்கவில்லை. அவள் விடையைச் சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார். இதையெல்லாம் மகாராணியைப் பார்த்துச் சொல்லவில்லை. அருணாவைப் பார்த்தே சொன்னார்.

"சேத்துக்கறேன். காலாண்டு வரைக்கும். அதுல தேறலைன்னா வேற குரூப்புக்கு மாத்திருவேன், அப்ப நீங்க வந்து நிக்கக் கூடாது. இந்தப் பிள்ள உங்க வகுப்புலயே இருக்கட்டும்."

மகாராணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராண்டாவில் நாலு எட்டு நடந்தவள் நின்றுவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று அருணா எதிர்பார்த்திருந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"டீச்சர், ஜீப்புக் கணக்குல மலைய விட்டிருந்தா சரியா வந்திருக்கும். இந்தக் கணக்குல ஆள விட்டதாலதான் தப்பாப் போச்சு. எத விடணும், எத விடக்கூடாதுன்னு படிக்கும்போதே எப்பிடித் தெரியும்?"

அருணா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு அது தானாக நடந்துவிடுகிறது. படித்ததும் வேண்டியது மேலே வரும், வேண்டாதது அடியில் தங்கிவிடும். எப்படி நடக்கிறது என்று அவள் ஒருநாளும் கூட இருந்து பார்த்ததில்லை. ஆய்வில் அதற்கு ஒரு பெயர் உண்டு, அளக்க ஒரு வழி உண்டு. இல்லாத ஒருவருக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று எங்கேயும் படித்ததாக ஞாபகம் இல்லை. நேற்று தன்னிடம் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கப் போய்த்தான் மைனஸ் ஆறு வந்தது.

"தெரியல," என்றாள். "காலாண்டுக்குள்ள கண்டுபிடிக்கணும்."

"முடியலைன்னா டீச்சர்?"

அலுவலக ஜன்னலிலிருந்து மார்க் ஷீட்டைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். மகாராணி பையைத் துழாவிக்கொண்டே ஓடினாள். அருணா தூணோரமாக நின்று, அந்த அப்பாவையும் மகளையும் கயிற்றின் இரண்டு முனைகளிலும் நிறுத்திப் பார்க்க முயன்றாள். அப்பாவுக்கு முகம் வரவில்லை. மகளுக்கும் வரவில்லை. நாலு, மூணு, ஆறு என்று எண்கள்தான் வந்து வந்து நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு, அந்த ஆள் என்ன வேலை பார்ப்பார் என்று முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினாள்.